பில்லர் பெட்டிங்: ரைபிள் கட்டைக்குள் எதற்கு இரண்டு உலோகத் தூண்கள்?

ஒரு போல்ட் ஆக்‌ஷன் ரைபிளை எடுத்துக்கொள்ளுங்கள். போல்ட் என்ற பூட்டுத் தண்டைக் கழற்றி, தோட்டா உட்காரும் அறை காலியாக இருக்கிறதா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, மெத்தை வைத்த வைஸில் நேராக நிறுத்துங்கள். குழலில், மிகச் சிறிய அசைவையும் முள்ளால் காட்டும் ஒரு டயல் கேஜைப் பிணைத்து, அதன் முனை கட்டையின் முன்நுனியைத் தொடும்படி வைத்து, முள்ளைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவாருங்கள். இப்போது அடிப்பக்கத்தில் இருக்கும் முன் ஸ்க்ரூவை மட்டும் மெதுவாகத் தளர்த்துங்கள்.

முள் நகர்கிறதா? 0.05 மி.மீ.க்குள் நின்றுவிட்டால் அந்த ரைபிள் கட்டையில் நன்றாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். 0.1, 0.2 என்று ஓடினால், இத்தனை நாளும் அந்த ஸ்க்ரூ, குழல் முறுக்கேறி நிற்கும் உலோக உடலான ஆக்‌ஷனைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை, வளைத்துக்கொண்டிருந்திருக்கிறது. எஃகு வளையுமா என்று கேட்காதீர்கள். வளையும். கண்ணுக்குத் தெரியாத அளவில், ஆனால் இலக்கில் தெரிகிற அளவில்.

இந்தச் சோதனையை முதன்முதலில் செய்து பார்த்த அன்றைக்குத்தான் பெட்டிங் என்றால் என்ன என்பது எனக்கு உண்மையில் புரிந்தது. அதற்கு முன் படித்ததெல்லாம் வெறும் சொற்களாகவே இருந்தன. அதனால்தான் புதிதாக வருகிறவர்களுக்கும் முதலில் இந்த முள்ளையே காட்டிவிடுகிறேன்.

சரி, அடிப்படையிலிருந்து போவோம். ரைபிளில் உலோகப் பகுதி ஒன்று, கட்டை ஒன்று. குழலும், அது முறுக்கேறி நிற்கும் ஆக்‌ஷனும் சேர்ந்தது உலோகப் பகுதி. தோட்டா வெடிப்பதும் போல்ட் பூட்டிக்கொள்வதும் இங்கேதான். தொலைநோக்கி பொருத்துவதும் பெரும்பாலும் ஆக்‌ஷனின் மேல்தான். ஸ்டாக் என்று சொல்லும் கட்டை, தோளில் வைத்துக் கையால் பிடிப்பதற்கான பகுதி. மரத்திலோ, அடுக்குப் பலகையிலோ, கண்ணாடியிழையிலோ, பிளாஸ்டிக்கிலோ இருக்கும். கட்டையின் மேல் குடைந்த பள்ளத்தில் ஆக்‌ஷன் உட்காரும். அடியில், டிரிகரைச் சுற்றி நிற்கும் உலோகக் காப்பான டிரிகர் கார்டு. இரண்டுக்கும் நடுவே கட்டையை வைத்து, அடியிலிருந்து இரண்டு அல்லது மூன்று ஸ்க்ரூக்கள் மேலே போய் ஆக்‌ஷனைப் பிடித்து இழுக்கும். கட்டை இங்கே நடுவில் மாட்டிக்கொண்ட பொருள். அதை எத்தனை பேர் கவனிக்கிறார்கள் என்று தெரியவில்லை, ஆனால் எல்லாத் தொல்லையும் தொடங்குவது அந்த நடுவிலிருந்துதான்.

ஆக்‌ஷன் எதன் மேல் உட்காருகிறதோ அந்தப் படுக்கையைச் சரிசெய்வதற்குத்தான் பெட்டிங் என்று பெயர். அந்தப் படுக்கையில், ஸ்க்ரூக்கள் போகும் துளைகளுக்குள் உலோகக் குழாய்களைத் தூண்போல நட்டு வைத்தால் பில்லர் பெட்டிங்.

துல்லியம் என்ற சொல்லைப் பற்றி இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். குண்டு நடுப்புள்ளியில் படுவதைத்தான் துல்லியம் என்று பலர் நினைக்கிறார்கள். நடுப்புள்ளிக்குக் கொண்டுவருவது தொலைநோக்கியின் திருகுகள் செய்யும் வேலை. ரைபிள் செய்ய வேண்டிய வேலை வேறு: ஒரே மாதிரித் தோட்டாவைப் போட்டு ஒரே மாதிரிச் சுட்டால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நடந்துகொள்வது. ஐந்து குண்டுகள் இலக்கில் எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்பதை வைத்து அதை அளக்கிறார்கள். மினிட் ஆஃப் ஆங்கிள் என்ற அளவு, அதாவது ஒரு பாகையில் 60-ல் ஒரு பங்கு, 100 மீட்டரில் சுமார் 29 மி.மீ. ஐந்து துளைகளும் அந்த அகலத்துக்குள் அடங்கினால் அந்த ரைபிளை நல்ல ரைபிள் என்பார்கள். நேற்று அடங்கியது இன்றைக்கும் அடங்க வேண்டும், வெயிலில் அடங்கியது மழையிலும் அடங்க வேண்டும். பெட்டிங்கின் முழு நோக்கமும் இந்த ஒன்றுதான்.

மரம் என்ன செய்கிறது?

ரெமிங்டன் 700 போன்ற ரைபிள்களில் ஆக்‌ஷன் ஸ்க்ரூவின் விட்டம் கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. உலோகத் தளத்தில் உட்கார்ந்த ஆக்‌ஷனுக்கு 65 அங்குல-பவுண்டு முறுக்கு கொடுப்பது வழக்கம். மெட்ரிக்கில் சொன்னால் 7.3 நியூட்டன் மீட்டர். கேட்கும்போது சின்ன எண்ணாகத் தெரியும். ஸ்க்ரூ கணக்கைப் போட்டுப் பாருங்கள்: முறுக்கை ஸ்க்ரூவின் விட்டத்தாலும், உராய்வுக்கான 0.2 என்ற வழக்கமான எண்ணாலும் வகுத்தால் கிடைப்பது 1,300 பவுண்டு. கிட்டத்தட்ட 590 கிலோ எடை. ஒற்றை ஸ்க்ரூ, விரல் நுனி அகலமுள்ள இடத்தில், அத்தனை கனத்தைக் கட்டையின் மேல் ஏற்றி வைக்கிறது.

கட்டைக்கு அதிகமாகப் பயன்படும் கறுப்பு வால்நட் மரம், இழைக்குக் குறுக்கே அழுத்தினால் ஏறத்தாழ 7 மெகாபாஸ்கல் வரை தாங்கித் திரும்ப எழும். அதைத் தாண்டினால் இழைகள் நசுங்கும், நசுங்கியது எழாது. தூண் அளவே உள்ள ஒரு வட்டத்தில் அந்த 590 கிலோ இறங்கினால் அழுத்தம் 50 மெகாபாஸ்கல் ஆகிறது. உண்மையில் டிரிகர் கார்டு இன்னும் கொஞ்சம் பரந்த இடத்தில் உட்காருவதால் அழுத்தம் குறையும், ஆனாலும் மரத்தின் எல்லை அதற்குள் வந்துவிடும். அதனால்தான் தூணில்லாத மரக்கட்டைக்கு 35, 40 அங்குல-பவுண்டோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறார்கள். அப்படி நிறுத்தினாலும் மரம் ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக உள்வாங்கிக்கொண்டே போகும். சென்ற வருடம் அரைச் சுற்றில் இறுகிய ஸ்க்ரூ இந்த வருடம் முக்கால் சுற்று கேட்கிறதென்றால் காரணம் இதுதான்.

நசுங்குவது ஒரு பக்கம். ஈரம் இன்னொரு பக்கம், அதுதான் பெரிய பக்கம் என்பேன்.

மண்வெட்டிக் காம்பு ஆடினால் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். மரம் ஊதி, இரும்பு வளையத்துக்குள் கச்சிதமாக இறுகிவிடும். ஆனால் காய்ந்த பிறகு முன்பைவிட அதிகமாக ஆடும். காரணம், ஊதப் பார்த்த மரத்தை இரும்பு விடவில்லை, இடமில்லாமல் இழைகள் உள்ளேயே நசுங்கிவிட்டன. காய்ந்து சுருங்கும்போது அந்த நசுங்கல் இடைவெளியாக மிஞ்சுகிறது. ரைபிள் கட்டைக்குள் நடப்பதும் இதே கதை. அங்கே இரும்பு வளையத்தின் இடத்தில் ஆக்‌ஷனும் டிரிகர் கார்டும் ஸ்க்ரூவும்.

எண்ணில் பார்க்கலாம். வால்நட் பச்சை மரமாக இருந்து முழுதும் காயும்போது, ஆர வாக்கில் 5.5 விழுக்காடும் வளையங்களின் வாக்கில் 7.8 விழுக்காடும் சுருங்குகிறது. இழையின் நீள வாக்கில் சுருக்கம் மிகச் சொற்பம். ஸ்க்ரூக்கள் போவதோ இழைக்குக் குறுக்கே. ஆக்‌ஷனுக்கும் டிரிகர் கார்டுக்கும் நடுவே 25 மி.மீ. மரம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வறண்ட காலத்திலிருந்து ஈரக் காலத்துக்கு மரத்தின் ஈரப்பதம் நான்கு விழுக்காடு ஏறினால் அந்த 25 மி.மீ. சுமார் 0.2 மி.மீ. ஊதும். கால் அங்குல ஸ்க்ரூவில் அங்குலத்துக்கு 28 புரிகள், ஒரு முழுச் சுற்றுக்கு 0.9 மி.மீ. நகரும். அப்படியானால் 0.2 மி.மீ. என்பது ஏறக்குறைய கால் சுற்று. யாரும் கை வைக்காமலே, அலமாரியில் படுத்திருந்த ரைபிளின் ஸ்க்ரூவை மழைக்காலம் கால் சுற்று முறுக்கிவிட்டது! கோடை வந்ததும் மரம் சுருங்கி அதே ஸ்க்ரூவைத் தளர்த்தியும் வைத்துவிடும்.

இதில் மரத்தை நான் குறை சொல்லவில்லை. கையில் பிடிக்க வால்நட் கட்டைபோல வேறொன்று இல்லை. அதன் இயல்பு அசைவது. அந்த அசைவு ஆக்‌ஷனுக்குப் போய்ச் சேராமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை.

தூண் வந்தால் என்ன மாறுகிறது

தூண் என்பது உள்ளே துளையுள்ள, நீளம் குறைந்த உலோக உருளை. அலுமினியத்தில் அதிகம், எஃகிலும் உண்டு. வெளிவிட்டம் 14 மி.மீ. போல, உள்துளை ஸ்க்ரூவைவிடச் சற்றுப் பெரிது. மேல்முனை ஆக்‌ஷனின் அடியைத் தொடும், கீழ்முனை டிரிகர் கார்டைத் தொடும். ஸ்க்ரூவை இறுக்கும்போது ஆக்‌ஷன், தூண், டிரிகர் கார்டு என்று உலோகத்தின் மேல் உலோகம் அடுக்கி நிற்கிறது. அந்த 590 கிலோ முழுவதும் தூணில் இறங்குகிறது, மரம் பக்கத்தில் சும்மா நிற்கிறது.

அதே 50 மெகாபாஸ்கல் அழுத்தம் இப்போது அலுமினியத்தின் மேல். 6061-டி6 என்ற பரவலான அலுமினியக் கலவை நிரந்தரமாக உருமாறத் தொடங்குவது 276 மெகாபாஸ்கலில். ஐந்தில் ஒரு பங்கு சுமையை அது பொருட்படுத்தாது. 25 மி.மீ. தூண் 0.02 மி.மீ. அமுங்கும், ஸ்க்ரூவைத் தளர்த்தினால் பழைய உயரத்துக்கே திரும்பும். ஈரம் அதைத் தொடாது. வெப்பம் 30 பாகை ஏறினாலும் அது நீள்வது 0.017 மி.மீ.தான். எஃகு ஸ்க்ரூவும் அதில் பாதி அளவுக்கு நீண்டுவிடுவதால் உண்மையான வேறுபாடு 0.01 மி.மீ.க்கும் குறைவு. மரம் 0.2 கேட்ட இடத்தில் இது 0.01. ஏன் இதற்கு இத்தனை மெனக்கெடுகிறார்கள் என்று கேட்பவர்களிடம் நான் இந்த இரண்டு எண்களைத்தான் சொல்வேன்.

இந்த யோசனை புதியதும் அல்ல. ஜெர்மன் ராணுவம் 1898-ல் ஏற்றுக்கொண்ட மவுசர் ரைபிளில் பின் ஸ்க்ரூவைச் சுற்றி ஒரு எஃகுக் குழாய் இருக்கும். பிரிட்டிஷ் ராணுவத்தின் லீ-என்ஃபீல்டு ரைபிளில் டிரிகர் கார்டின் முன் ஸ்க்ரூவுக்கு ஒரு சின்ன உலோக வளையம். பழைய ரைபிளைக் கழற்றுகிறவர்கள் அது தனியே கீழே விழுந்ததும் எதற்கென்று தெரியாமல் ஓரம் வைத்துவிடுவதுண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், அந்தக் காலத்துத் தூண் அதுதான்.

மரம் எவ்வளவு தூரம் கைவிடும் என்பதற்கு வியட்நாம் போர் ஒரு சாட்சி. அமெரிக்க மரைன் படை 1966-ல் எடுத்துக்கொண்ட எம்40 என்ற ஸ்னைப்பர் ரைபிள், ரெமிங்டன் 700 ஆக்‌ஷனில் வால்நட் கட்டை போட்டது. அந்தக் காட்டு ஈரத்தில் கட்டைகள் ஊதி வளைந்தன, குழலை உரசின. 1970-களில் வந்த எம்40ஏ1-ல் கட்டை கண்ணாடியிழைக்கு மாறிவிட்டது. 1988-ல் அமெரிக்கத் தரைப்படை எடுத்த எம்24-ல் கட்டைக்குள்ளேயே ஓர் அலுமினியத் தளம் பதித்திருந்தார்கள். தனித்தனித் தூண்கள் வளர்ந்து ஒரே தளமானது என்று அதைப் புரிந்துகொள்ளலாம்.

தூண் மட்டும் போதுமா?

போதாது. இங்கேதான் புதியவர்கள் அதிகம் குழம்புகிறார்கள்.

ஆக்‌ஷனின் அடிப்பக்கம் எல்லா ரைபிளிலும் ஒரே வடிவமில்லை. மவுசர் 98, வின்செஸ்டர் மாடல் 70 ஆகியவற்றுக்கு அடி தட்டை. ரெமிங்டன் 700-க்கு உருளை. உருளையான அடியைத் தட்டையான தூண் தலையில் வைத்தால் இரண்டும் ஒரு கோட்டில்தான் தொடும், பக்கவாட்டில் உருள இடமிருக்கும். தூணின் தலையை ஆக்‌ஷனுக்கேற்பக் குழிவாகச் செதுக்கிய தூண்கள் கிடைக்கின்றன. அப்படியே செதுக்கினாலும் இரண்டு மூன்று இடங்களில் மட்டும் தொட்டு நிற்கும் ஆக்‌ஷனுக்கு, மற்ற இடங்களில் படுக்கை வேண்டும். அதற்குத்தான் எபாக்சி. இரண்டு பாகங்களைக் கலந்தால் இறுகிக் கல்லாகும் பிசின். ஆக்‌ஷனுக்கும் கட்டைக்கும் நடுவே அதை நிரப்பி, ஆக்‌ஷனையே அச்சாக வைத்து அழுத்தினால், இறுகிய பிறகு அந்த ஆக்‌ஷனுக்கு மட்டுமே பொருந்தும் ஒரு படுக்கை கிடைக்கும். கனத்தைத் தூண் தாங்கும், வடிவத்தை எபாக்சி கொடுக்கும். இரண்டும் சேர்ந்ததுதான் பில்லர் பெட்டிங்.

எபாக்சி படுக்கைக்கு இன்னொரு முக்கியமான வேலை இருக்கிறது. ஆக்‌ஷனின் முன்பக்கம், குழல் தொடங்கும் இடத்தில், கீழ்நோக்கி ஒரு கட்டியான பல் நீட்டிக்கொண்டிருக்கும். ரிகாயில் லக் என்பார்கள். சுடும்போது வரும் உதை முழுவதையும் கட்டைக்குக் கொண்டுபோவது அந்தப் பல்லின் பின்முகம்தான். உதை எப்போது தொடங்குகிறது தெரியுமா? குண்டு வெளியே போன பிறகு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். குண்டு குழலுக்குள் நகரத் தொடங்கும் அந்தக் கணமே ரைபிள் பின்னே நகரத் தொடங்கிவிடுகிறது. பத்து கிராம் குண்டு, நான்கு கிலோ ரைபிள், 56 செ.மீ. ஓட்டம் என்று உந்தக் கணக்கைப் போட்டால், வெடிமருந்தையும் சேர்த்து, குண்டு வாயைத் தாண்டுவதற்குள் ரைபிள் சுமார் ஒன்றரை மி.மீ. பின்னே வந்திருக்கும். ஒரு வினாடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒன்று, ஒன்றரைப் பங்குக்குள் நடக்கிற காரியம். அதற்குள் குழலும் கம்பிபோல அதிர்கிறது. லக்கின் பின்முகம் ஒரு முறை இடது ஓரத்திலும் மறுமுறை வலது ஓரத்திலும் தொட்டால், ரைபிள் பின்னே வரும் விதம் மாறும், அதிர்வு மாறும், குண்டு வெளியேறும் கணத்தில் குழலின் வாய் பார்க்கும் திசை மாறும்.

ஒரு நியாயமான கேள்வி இங்கே எழும். தொலைநோக்கியும் ஆக்‌ஷனோடுதானே ஒட்டியிருக்கிறது, ஆக்‌ஷன் கட்டைக்குள் கொஞ்சம் சாய்ந்தால் இரண்டும் சேர்ந்துதானே சாயும், அப்புறம் எப்படிக் குறி தவறும்? நல்ல கேள்வி. வெறும் சாய்வினால் மட்டும் குறி தவறாது. ஆக்‌ஷன் வளைகிறபோது தொலைநோக்கியின் தாங்கிகளும் குழலும் ஒன்றுக்கொன்று கோணம் மாறுகின்றன, அது ஒன்று. கட்டை போய்க் குழலை முட்டினால் அதிர்வு மாறுகிறது, அது இன்னொன்று. மூன்றாவது, நான் மேலே சொன்ன உதை. இவை மூன்றும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் இருந்தால்கூடப் பரவாயில்லை, தொலைநோக்கியைத் திருப்பிச் சரிசெய்துவிடலாம். மாறி மாறி வருவதைத்தான் எந்தத் திருப்பலும் சரிசெய்யாது.

வேலை எப்படி நடக்கிறது

முழுச் செய்முறையை இங்கே எழுதப்போவதில்லை. சட்டப்படி உரிமையுள்ள ரைபிளாக இருந்தாலும், முதல் முறை அனுபவமுள்ள ஒருவரின் பக்கத்தில் நின்று பார்ப்பதுதான் சரி. எந்தப் படி எதற்கு என்பது தெரிந்தால் நீங்கள் பார்ப்பது புரியும், அதற்காக எழுதுகிறேன்.

முதலில் ஸ்க்ரூ துளைகளைத் தூணைவிடச் சற்றே பெரிதாகத் துளைக்கிறார்கள். தூணைச் சுற்றி எபாக்சி நிற்க இடம் வேண்டும். தூணின் வெளிப்பக்கத்தில் வரிவரியாகப் பள்ளம் இருப்பதும் எபாக்சி பற்றிக்கொள்ளத்தான். துளை கோணலானால் எல்லாம் கோணல், ஆகவே கையில் பிடிக்கும் துளைப்பானை நம்பாமல் நிலையாக நிற்கும் எந்திரத்தில் செய்வார்கள்.

தூணின் நீளத்தைச் சரியாகப் பிடிப்பதில்தான் உண்மையான வேலை இருக்கிறது. நீளம் குறைந்தால் ஸ்க்ரூ இறுகும்போது முதலில் மரம்தான் நசுங்கும், தூண் பேருக்கு இருக்கும். கூடினால் ஆக்‌ஷன் பள்ளத்திலிருந்து மேலே தூக்கி நிற்கும், டிரிகர் கார்டு கட்டையோடு சேராது. கொஞ்சம் கூட வைத்து, அரத்தால் இழைத்து இழைத்து, ஒவ்வொரு முறையும் வைத்துப் பார்த்து இறக்குவதுதான் வழி. அந்த நேரத்தில் தோட்டாப் பெட்டியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆக்‌ஷனுக்கும் டிரிகர் கார்டுக்கும் நடுவே இருக்கும் அந்தத் தகரப் பெட்டி கொஞ்சம் மேலும் கீழும் ஆட வேண்டும். ஆடாமல் இறுகினால் அதுவே ஒரு கள்ளத் தூணாகிவிடும். நாம் நட்ட தூண்கள் கனம் வாங்காமல், மெல்லிய தகரம் வாங்கிக்கொண்டிருக்கும். எவ்வளவு நல்ல வேலையையும் கெடுத்துவிடக்கூடிய சின்ன விஷயம் இது.

அடுத்தது மெழுகு. எபாக்சிக்குத் தன் மேல் அழுத்துவது கட்டையா ஆக்‌ஷனா என்று தெரியாது, எதன் மேல் பட்டாலும் ஒட்டும். அதனால் ஆக்‌ஷன், லக், குழலின் தொடக்கம், ஸ்க்ரூக்கள் எல்லாவற்றிலும் ஒட்டாமைக்கான மெழுகைப் பூச வேண்டும். இரண்டு முறை பூசிவிட்டு மூன்றாவது முறையும் பூசுங்கள் என்பேன். மெழுகு காப்பாற்றாத இடமும் உண்டு. ஆக்‌ஷனில் இருக்கும் ஊசித் துளைகள், பக்கவாட்டு வெட்டுகள் போன்றவற்றுக்குள் எபாக்சி புகுந்து இறுகினால், அது ஒட்டத் தேவையே இல்லை, ஆணிபோலக் கோர்த்துக்கொள்ளும். அவற்றைக் களிமண்ணால் மேல் மட்டம் வரை அடைக்க வேண்டும். என் முதல் வேலையில் டிரிகர் ஊசித் துளை ஒன்றை அடைக்காமல் விட்டுவிட்டேன். மறுநாள் ஆக்‌ஷன் வெளியே வர மறுத்தது. கட்டையின் ஓரத்தை உளியால் கொத்தி எடுக்க வேண்டியிருந்தது, அந்தத் தழும்பு இன்னும் அந்தக் கட்டையில் இருக்கிறது. அன்றிலிருந்து எபாக்சியைக் கலக்கும் முன் டார்ச் அடித்து ஒவ்வொரு துளையாக விரல் வைத்துப் பார்க்கிறேன்.

லக்கைச் சுற்றி டேப் ஒட்டுவதைப் பார்ப்பீர்கள். முன்முகம், இரு பக்கம், அடி ஆகிய நான்கு இடத்தில் டேப், பின்முகத்தில் மட்டும் இல்லை. எபாக்சி இறுகியதும் டேப்பை உரித்துவிட்டால் அந்த நான்கு பக்கமும் மெல்லிய இடைவெளி கிடைக்கும். உதை வாங்கும் பின்முகம் மட்டும் முழுதாகப் படிந்திருக்கும். ஆக்‌ஷனை எடுப்பதும் போடுவதும் படுக்கையைச் சுரண்டாமல் நடக்கும்.

இப்போது எபாக்சியை இட்டு, ஆக்‌ஷனை இறக்குகிறார்கள். இந்த இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஸ்க்ரூவை எவ்வளவு இறுக்குவது? பழக்கதோஷத்தில் கை முழு முறுக்குக்குப் போகும். போகக் கூடாது. இப்போது இறுக்கினால் ஆக்‌ஷன் வளையும், வளைந்த நிலையிலேயே எபாக்சி இறுகும், அந்த வளைவு நிரந்தரமாகப் படுக்கையில் பதிந்துவிடும். மறுநாள் ஸ்க்ரூவைத் தளர்த்தினால் ஆக்‌ஷன் நிமிரும், திரும்ப இறுக்கினால் வளையும். எதைத் தவிர்க்க இத்தனையும் செய்தோமோ அதையே வார்த்து வைத்ததுபோல ஆகும். எபாக்சி இறுகும் வரை ஆக்‌ஷன் தன் இயல்பில் எந்தத் திணிப்பும் இல்லாமல் கிடக்க வேண்டும். அதனால் பலர் ஸ்க்ரூவையே பயன்படுத்தாமல், தலையில்லாத வழிகாட்டிக் கம்பிகளை மட்டும் வைத்து, குழலின் முன்பக்கத்தில் நடுவாக நிற்கும்படி டேப்பைச் சுற்றி, ஆக்‌ஷனைத் தன் எடையிலும் லேசான கட்டிலும் விட்டுவிடுகிறார்கள். பில்லர் பெட்டிங்கில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

பிதுங்கி வரும் எபாக்சியை உடனுக்குடன் துடைத்துவிட்டு, சுமார் 24 மணி நேரம் தொடாமல் விட வேண்டும். சூடான அறையில் சீக்கிரம் இறுகும், குளிரில் தாமதமாகும். பிரிக்கும்போது அடம்பிடித்தால் அடித்துப் பெயர்க்காதீர்கள். ஃப்ரீஸரில் கொஞ்ச நேரம் வைத்தால் உலோகம் சுருங்கித் தானாக விட்டுக்கொடுக்கும்.

பிரித்துப் பார்த்தால் ஆக்‌ஷனின் ஒவ்வொரு கீறலும் எபாக்சியில் கண்ணாடிபோலப் பதிந்திருக்கும். காற்றுக் குமிழிகள் ஊசித்தலை அளவில் சில இருந்தால் கவலை வேண்டாம். லக்கின் பின்முகத்திலோ தூணின் பக்கத்திலோ பெரிய குழி இருந்தால் மட்டும் நிரப்ப வேண்டும். அப்புறம், ஸ்க்ரூ தூணின் உள்சுவரில் படாதபடி, அது போகும் துளையை எபாக்சி இல்லாமல் துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். ஸ்க்ரூவின் உடம்பு தூணின் சுவரை உரசினால், லக்குக்குப் போக வேண்டிய உதையை ஸ்க்ரூ வாங்கத் தொடங்கிவிடும். ஸ்க்ரூவின் வேலை இழுத்துப் பிடிப்பது மட்டுமே.

எந்த ரைபிளுக்கு இது தேவை

மரக்கட்டைக்கு இது மிகவும் பலன் தரும். அடுக்குப் பலகைக் கட்டை மரத்தைவிடக் குறைவாக அசையும், இருந்தாலும் நசுங்குவது நசுங்கும், அதற்கும் நல்லது. கண்ணாடியிழைக் கட்டைக்கு ஈரத் தொல்லை இல்லை, ஆனால் உள்ளே மென்மையான நிரப்பு இருந்தால் அழுத்தம் தாங்காது, தூண் வேண்டும். விலை குறைந்த வார்ப்புப் பிளாஸ்டிக் கட்டைகளில் எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. அந்தப் பிளாஸ்டிக்கில் எபாக்சி சரியாகப் பிடிக்காது, தூண் நட்டாலும் முன்பக்கம் கையால் அழுத்தினாலே வளைந்து குழலைத் தொடும். அதற்குச் செலவிடும் உழைப்பை நல்ல கட்டை வாங்குவதில் போடலாம். அலுமினியத் தளமோ முழு அலுமினியச் சட்டகமோ இருந்தால் தூண் தேவையில்லை, மெல்லிய எபாக்சிப் பூச்சே போதும், பலவற்றுக்கு அதுவும் வேண்டாம்.

குழலின் தேய்மானம், தளர்ந்த தொலைநோக்கித் தாங்கி, ஒத்துவராத தோட்டா, டிரிகரை வெடுக்கென்று இழுக்கும் விரல் ஆகிய எதையும் பெட்டிங் சரிசெய்யாது. குறி சிதறுகிறது என்றதும் கட்டையைத் துளைக்கப் போகாமல் முதலில் தாங்கியின் ஸ்க்ரூக்களைச் சரிபாருங்கள். குழல் கட்டையை எங்காவது தொடுகிறதா என்று ஒரு தாளைக் குழலுக்கடியில் விட்டு நுனியிலிருந்து ஆக்‌ஷன் வரை இழுத்துப் பாருங்கள். தாள் தடையில்லாமல் போக வேண்டும்.

பலன் தெரிந்ததா என்று பார்க்க மூன்று குண்டுகள் சுட்டு முடிவு செய்யாதீர்கள். மூன்று குண்டுகள் தற்செயலாகவும் நெருங்கி விழும். வேலைக்கு முன்பே ஒரே தோட்டாவில் ஐந்தைந்தாகச் சில முறை சுட்டு அளந்து வையுங்கள், வேலைக்குப் பிறகு அதே தோட்டாவில் அதே எண்ணிக்கை. எவ்வளவு குறையும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. பழைய படுக்கை மோசமாக இருந்தால் நிறையக் குறையும், நன்றாக இருந்தால் வித்தியாசமே தெரியாமலும் போகலாம். எனக்குக் குண்டுகளின் நெருக்கத்தைவிட மகிழ்ச்சி தந்தது வேறொன்று: கட்டையைக் கழற்றித் துடைத்து மாட்டிய பிறகும் முதல் குண்டு போன மாதம் விழுந்த இடத்திலேயே விழுந்தது.

டயல் கேஜை மறுபடி கட்டுங்கள். ஆக்‌ஷனைப் படுக்கையில் வைத்து, ரைபிளைச் செங்குத்தாக நிறுத்தி, அடிப்பாகத்தை மெதுவாகத் தரையில் தட்டி லக் பின்னே படியும்படி செய்யுங்கள். முன் ஸ்க்ரூவையும் பின் ஸ்க்ரூவையும் மாறி மாறி ஏற்றி, முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் 65 அங்குல-பவுண்டு வரை கொண்டுவாருங்கள். மூன்றாவது ஸ்க்ரூ இருந்தால் அதற்கு மிகக் குறைவான முறுக்கே போதும். முள்ளைப் பூஜ்ஜியத்தில் வைத்து முன் ஸ்க்ரூவைத் தளர்த்துங்கள். வேலை சரியாக நடந்திருந்தால், முழு முறுக்கும் சட்டென்று விடுபடும்போதுகூட முள் ஒரு கோட்டுக்குள் மெல்லத் துடித்துவிட்டு நிற்கும். அந்த அளவையும் தேதியையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு, அடுத்த ஈரக் காலம் முடிந்ததும் இதே சோதனையை மறுபடி செய்து பாருங்கள்.